லயத்துக் குசினி: சிறிய இடத்தில் நல்ல சமையலறைக்கு என்ன வேண்டும்?

12 அடி நீளம், 10 அடி அகலம். இலங்கை மலையகத் தோட்டங்களின் பழைய லயக் காம்பராக்களில் பெரும்பாலானவை ஏறக்குறைய இந்த அளவுக்குள் அடங்கிவிடும். முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு, மேலே தகரக் கூரை, இரு பக்கமும் அடுத்த குடும்பங்களின் சுவர். ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில், கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேல் இருக்கும் கொட்டகலையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பல குடும்பங்கள் இன்றுவரை இத்தகைய லயங்களில்தான் வாழ்கின்றன. அந்த வீட்டில் குசினி என்பது இஸ்தோப்பில் அடைத்தெடுத்த ஒரு பகுதியாக இருக்கும். இல்லாவிட்டால் பின்பக்கம் தகரம் சாய்த்து இறக்கிய ஒரு பத்தியாக இருக்கும்.

அந்தச் சின்ன இடத்தில் ஒரு நாளில் நடக்கும் வேலைகள் கொஞ்சமல்ல. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போவதற்குள் ரொட்டி சுட்டுச் சம்பல் அரைத்துத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாப்பாடும் மலைக்குக் கொண்டுபோகும் பகல் சாப்பாடும் அதே நேரத்தில் தயாராக வேண்டும். குளிக்கச் சுடுதண்ணி கொதிப்பதும் அந்த அடுப்பில்தான். மழைக்காலத்தில் ஈர விறகும் நனைந்த உடுப்பும் காய்வது அதன் மேலே. இரவானால் வீடே அங்கு கூடிக் குளிர் காய்கிறது. பாடப் புத்தகத்தோடு பிள்ளைகளும் அடுப்படிக்கே வந்துவிடுகிறார்கள்.

சிறு சமையலறை பற்றிப் பத்திரிகைகளில் வரும் ஆலோசனைகள் பெரும்பாலும் நகரத்து அடுக்குமாடி வீட்டை மனத்தில் வைத்து எழுதப்படுபவை. மூலை அலுமாரி, ஓசையில்லாமல் மூடும் இழுப்பறை, பளிங்கு மேடை என்று அவை தொடங்கும். தோட்டத்துக் குசினிக்குத் தேவைகளின் வரிசை வேறு. முதலில் புகை வெளியேற வேண்டும். அடுத்து, நாளெல்லாம் மலையில் நின்று கொழுந்தெடுத்த பெண் குனியாமல் சமைக்க வேண்டும். பிறகு தண்ணீரும் வெளிச்சமும். சாமான் அடுக்கும் இடம் அதற்கும் பிறகுதான். இன்னொரு முக்கியமான வேறுபாடும் உண்டு. லயத்தின் சுவரும் கூரையும் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. ஆகவே குடும்பம் தானே செய்துகொள்ளக்கூடியது எது, தோட்ட நிர்வாகமும் அரசும் செய்து தரவேண்டியது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்கும்.

குசினி இல்லாமல் கட்டப்பட்ட வீடு

இடம் இவ்வளவு சுருங்கியதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. மலைநாட்டுப் பெருந்தோட்டங்கள் கோப்பியில் தொடங்கின. கோப்பிப் பழம் பறிப்பது பருவத் தொழில். தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். அவர்களுக்காகக் கட்டப்பட்டவை சில மாதங்கள் தங்கிப் போவதற்கான வரிசைக் கொட்டில்கள். தனிச் சமையலறை பற்றி அன்று எவரும் யோசிக்கவில்லை.

1867ல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். 1869ல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் செடி. பறிக்க ஆண்டு முழுவதும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். குடும்பங்கள் நிரந்தரமாகத் தங்கின, பெண்களின் கைகள் தொழிலின் அச்சாணி ஆயின. ஆனால் வீட்டின் வடிவம் மட்டும் பருவக் கூலியின் கொட்டிலாகவே நின்றுவிட்டது. ஒற்றை லயத்திலாவது பின்பக்கம் திறந்திருக்கும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் காற்று ஒரு பக்கத்தால் மட்டுமே வரும். இஸ்தோப்பை அடைத்துக் குசினி ஆக்கினால் அந்த ஒரு வழியும் குறைந்துபோகும்.

1948ன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ்த் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992ல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. உடைமையாளர் மாறினாலும் லயம் அதில் வாழ்பவருடையது ஆகவில்லை. 1964ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்தியா சென்றவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் தமிழ்நாடு அரசு டான்டீ தோட்டங்களைத் தொடங்கியது. அங்கும் அவர்களுக்குக் கிடைத்தவை லைன் வீடுகளே. எனவே இங்கே சொல்லப்படுபவற்றில் பல கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் பொருந்தும்.

70 சதுர அடியில் ஒரு முன்மாதிரி

சிறிய சமையலறையை முறையாக ஆராய்ந்து வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிகோட்ஸ்கி. முதலாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்தில் தொழிலாளர் குடியிருப்புகளைப் பெருமளவில் கட்டும் திட்டத்தை ஏர்ன்ஸ்ட் மே நடத்தினார். அதற்காக 1926ல் லிகோட்ஸ்கி வரைந்த சமையலறை 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் கொண்டது. நம் கணக்கில் 70 சதுர அடி. லயக் காம்பரா ஒன்றின் பாதிக்குச் சற்றுக் கூடுதலான பரப்பு. சுமார் 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது.

அவர் பாடம் கற்ற இடங்களில் ஒன்று ரயிலின் உணவுப் பெட்டி. ஓடும் வண்டியில், கை எட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் வைத்து நூறு பேருக்குச் சமைக்க முடியுமென்றால், வீட்டில் ஏன் முடியாது என்று கேட்டார். நேரம் அளக்கும் கடிகாரத்தை வைத்து ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கெடுத்தார். வேலை மேசையை யன்னலுக்குக் கீழே வைத்து, உட்கார்ந்து காய்கறி வெட்டச் சுழலும் முக்காலி ஒன்றும் கொடுத்தார். அரிசிக்கும் சீனிக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள், பூச்சி அண்டாதபடி மாவுக்கு ஓக் மரப் பெட்டி, சுவரோடு மடியும் இஸ்திரிப் பலகை என்று ஒவ்வோர் அங்குலமும் வேலை செய்தது. கொதித்த பானையை எடுத்து வைத்தால் தன் சூட்டிலேயே வெந்து முடியும் பெட்டி ஒன்றும் அதில் இருந்தது.

அந்த வடிவமைப்புக்கு எதிராகப் பின்னாளில் ஒரு நியாயமான குறை சொல்லப்பட்டது. ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அந்த அறை, சமைக்கும் பெண்ணைக் குடும்பத்திலிருந்து தனிமைப்படுத்தியது. கொட்டகலையின் குளிரில் அடுப்படிதான் குடும்பம் கூடும் இடம். தாயும் மகளும் மாமியாரும் ஒன்றாக வேலை செய்யும் இடமும் அதுவே. பிராங்க்பர்ட்டின் அளவெடுக்கும் ஒழுங்கை எடுத்துக்கொள்ளலாம், அதன் தனிமையை எடுக்க வேண்டியதில்லை.

1940களில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளிலிருந்து இன்னொரு விதி பிறந்தது. அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, உணவு வைக்கும் இடம் ஆகிய மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் மொத்தச் சுற்றளவு 26 அடியைத் தாண்டக் கூடாது என்பது அது. லயத்துக் குசினியில் இந்த விதி தானாகவே நிறைவேறிவிடும். நடை மிச்சம்தான். பாடு முழுவதும் இடுப்புக்கும் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் வந்து சேருகிறது.

முதலில் புகை

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டுக்குள் சமையல் புகையால் மாசடைந்த காற்று 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் மரணங்களுக்குக் காரணமானது. ஐந்து வயது நிரம்பாத 2 இலட்சத்து 37 ஆயிரம் குழந்தைகளும் அதில் அடங்குவர். இலங்கையின் 2012 குடிசன மதிப்பீட்டில் முக்கால்வாசிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் விறகில் சமைப்பதாகப் பதிவானது. மலைநாட்டில் நிலைமை இன்னும் கடினம். குளிருக்காகக் கதவும் யன்னலும் சாத்தியிருக்கும். மழையால் விறகு ஈரமாக இருக்கும். ஈர விறகு தன் ஈரத்தை ஆவியாக்குவதிலேயே சூட்டைச் செலவழித்து, எரிவதற்குப் பதிலாகப் புகைகிறது.

ஆகவே முதல் மாற்றம் அடுப்பில் நடக்க வேண்டும். இலங்கையிலேயே உருவான நல்ல விடை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 1980களில் விறகுச் சிக்கனத் திட்டங்களின் தொடர்ச்சியாகப் பிறந்த ‘அனகி’ அடுப்பு, ஒரே துண்டாகச் சுட்ட களிமண்ணால் ஆனது. ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு பானைகள் ஒரே நேரத்தில் சூடேறும். முன் பானையின் கீழ் எரியும் தீயின் மிச்சச் சூடு பின் பானைக்குப் போகும். மூன்று கல் அடுப்போடு ஒப்பிட்டால் விறகு கணிசமாக மிச்சப்படும். முன்னால் சோறு, பின்னால் சுடுதண்ணி என்று காலை நெருக்கடிக்கு மிகவும் ஏற்றது. சுற்றிலும் களிமண் பூசிப் பதித்தால் சூடு இன்னும் நிற்கும். எடுத்துச் செல்லக்கூடியது என்பதால் லயத்தில் வைக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அனகிக்குப் புகைபோக்கி கிடையாது. புகை குறையுமே தவிர மறையாது. எனவே இரண்டாவது மாற்றம் கூரையில். அடுப்புக்கு மேல் தகரத்தால் ஒரு குடை அமைத்து, அதிலிருந்து குழாய் ஒன்றைக் கூரைக்கு வெளியே எடுக்க வேண்டும். குழாயின் வாய் கூரையின் முகட்டைவிட இரண்டடி உயர்ந்து நின்றால்தான் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளாது. தாழ்ந்த பத்திக் கூரையில் சிறிய குழாயைச் செருகிவிட்டு ‘புகை போகவில்லை’ என்று கைவிடப்பட்டவை பல. மூல காரணம் குழாயின் உயரம்தான். கூரையைத் துளைக்கும் இடத்தில் மரச் சட்டம் எதுவும் குழாயைத் தொடக் கூடாது. படியும் கரியை அவ்வப்போது தட்டித் துப்புரவாக்க, கழற்றக்கூடிய மூடி ஒன்றும் கீழே தேவை.

இந்தப் பாடம் தெற்காசியாவுக்குப் புதிதல்ல. ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியியலாளர், ஏழை வீடுகளுக்கான புகையில்லா அடுப்பின் வடிவமைப்பை 1953லேயே நூலாக வெளியிட்டார். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் தன் ‘பரிஷத் அடுப்பை’ வீடு வீடாகக் கொண்டுபோனது. இந்திய அரசு 1980களில் தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் கோடிக்கணக்கான அடுப்புகள் போடப்பட்டன. அவற்றில் பல சில ஆண்டுகளில் உடைந்து கிடந்தன. புகைபோக்கியைச் சுத்தம் செய்யவும் உடைந்ததைத் திருத்தவும் ஊரில் ஆள் இல்லாததே பெரிய காரணம். ஒரு லயத்துக்கு ஒருவரையாவது இந்த வேலைக்குப் பழக்கிவிட்டால்தான் எந்தத் திட்டமும் நிலைக்கும்.

அடுப்புக்கு மேலே கட்டும் அட்டாலியைப் பலர் பழைய பழக்கம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது அருமையான வடிவமைப்பு. கவ்வாத்து முடிந்து கிடைக்கும் தேயிலை மிலாறும் நிழல்மரக் கிளைகளும் அங்கே இரண்டு வாரம் கிடந்தால் காய்ந்து, புகை குறைந்து எரியும். செய்ய வேண்டிய திருத்தம் ஒன்றுதான். அட்டாலி தீக்கு நேர் மேலே இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி, இரும்புக் கம்பியில் அமைய வேண்டும். தீப்பொறி விறகில் விழாது. புகைக் குடைக்கும் இடம் கிடைக்கும்.

நிற்கும் உயரம்

வெட்டும் மேசையின் மேற்பரப்பு, நின்று வேலை செய்பவரின் முழங்கையிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும் என்பது வடிவமைப்பாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. கடைகளில் கிடைக்கும் மேடைகள் 36 அங்குலம் உயரம் கொண்டவை. உயரமான மேலைநாட்டு உடலுக்கு அளந்தவை. ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு முழங்கை ஏறக்குறைய 38 அங்குலத்தில் வரும். அவருக்கு ஏற்ற மேசை 32 முதல் 34 அங்குலம்.

விறகு அடுப்புக்கு இந்தக் கணக்கு மாறும். அடுப்பும் அதன் மேல் ஏறும் பானையும் சேர்ந்து ஒன்றரை அடி உயரும். பானையின் விளிம்பு முழங்கைக்குக் கீழே வர வேண்டுமானால், அடுப்பை வைக்கும் திட்டு தரையிலிருந்து ஒன்றரை அடிக்குமேல் உயரக் கூடாது. இதை அளக்காமல் வெட்டும் மேசையும் அடுப்புத் திட்டும் ஒரே மட்டத்தில் கட்டப்பட்டால், கொதிக்கும் பானைக்குள் எட்டிப் பார்க்கவே குதிகாலை உயர்த்த வேண்டியிருக்கும். பானையை இறக்கும்போது கொதிநீர் நெஞ்சில் கொட்டும் ஆபத்தும் உண்டு. தரையிலேயே அடுப்பு வைத்தால் இடுப்பு போகும், முகம் நேராகப் புகைக்குள் போகும். சீமெந்துக் கல் வரிசைகளை அடுக்கி, மேலே களிமண் பூசி இந்தத் திட்டை ஒரு பகலில் செய்துகொள்ளலாம்.

கூடையைத் தலையில் மாட்டி ஏறி இறங்கிய உடம்புக்கு, உட்கார்ந்து செய்யும் வேலையை உட்கார்ந்தே செய்ய இடம் வேண்டும். கீரை ஆய்வதற்கும் மாப் பிசைவதற்கும், அடுத்து வரும் இறாக்கைச் சட்டகத்தில் பொருத்தி மடிக்கும் பலகை ஒன்று போதும். இரண்டு கீல், கீழே ஒரு சாய்கால், 18 அங்குல அகலம். வேலை முடிந்ததும் மடித்தால் நடக்கும் வழி திறந்துவிடும். மாலையில் அதே பலகை பிள்ளையின் படிப்பு மேசை.

சுவரை நம்பாத இறாக்கை

சிறிய அறையில் தரையில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் ஒருவர் நிற்கும் இடத்தைப் பறிக்கிறது. சாமான்கள் சுவருக்கு ஏற வேண்டும் என்பது எல்லாரும் சொல்லும் யோசனை. லயத்தில் அதைச் சொன்னபடி செய்ய முடியாது. பழைய கல்லும் சுண்ணாம்பும் கலந்த சுவரில் ஆணி நிற்காது, நின்றாலும் ஈரத்தில் தளரும். பக்கத்து வீட்டுக்கும் அதே சுவர்.

அதற்கு ஏற்ற விடை, தரையில் நின்று சுவரில் சாயும் சட்டகம். நான்கு மரக்கால், குறுக்கே பலகைகள், மேல் நுனியில் கூரை மரத்தோடு ஒரு கட்டு. ஒரு பானைக்குப் பின்னால் இன்னொரு பானை ஒளியாதபடி ஒவ்வொரு தட்டும் ஒரு பாத்திரத்தின் ஆழம் மட்டுமே, அதாவது 8 முதல் 10 அங்குலம் வரை, இருந்தால் போதும். தட்டுகளுக்குக் கீழே ஒரு கம்பி ஓட்டி, கரண்டி, வடிதட்டு, ரொட்டிக்கல் எல்லாவற்றையும் கொக்கியில் மாட்டலாம். ஈரப் பாத்திரம் தொங்கியே காயும். வீடு மாறும்போது சட்டகத்தையே கழற்றிக்கொண்டு போகலாம்.

எதை எங்கே வைப்பது என்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தினமும் தொடும் உப்பு, தேயிலைத்தூள், சீனி, மிளகாய்த்தூள் ஆகியவை கண்ணுக்கும் இடுப்புக்கும் நடுவில். வாரம் ஒருமுறை எடுக்கும் மா, பருப்பு அதற்குக் கீழே. திருவிழாவுக்கும் விருந்துக்கும் எடுக்கும் பெரிய சட்டி எல்லாவற்றுக்கும் மேலே. அரிசி மூட்டையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெறும் தரையில் வைக்கக் கூடாது. மலைநாட்டு ஈரம் தரையிலிருந்து ஏறும். நாலு அங்குலப் பலகைமேல், மூடியுள்ள தகர டிரம்முக்குள் இருந்தால் பூஞ்சணமும் எலியும் நெருங்காது. கதவின் உட்பக்கம் பலரும் மறந்துவிடும் இடம். இரண்டு வார்ப்பட்டைகளை அங்கே அறைந்தால் மூடிகளும் தட்டுகளும் அதில் செருகிக்கொள்ளும்.

தண்ணீரும் வெளிச்சமும்

பீலிக்கரையிலிருந்தோ பொதுக் குழாயிலிருந்தோ தண்ணீர் சுமந்துவரும் வீடுகளில், வாளியில் முகந்து முகந்து ஊற்றுவதே தண்ணீரையும் நேரத்தையும் தின்கிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் கலம் ஒன்றின் அடியில் சிறு குழாய் பொருத்தி, மேசைக்கு மேல் ஓரடி உயரத்தில் வைத்தால் ஓடும் தண்ணீரில் கை கழுவவும் அரிசி களையவும் முடியும். கீழே ஒரு பேசின். அதிலிருந்து ஒரு குழாய் வெளியில் உள்ள கானுக்குப் போக வேண்டும். குசினித் தரையில் தண்ணீர் தேங்காவிட்டால் வழுக்கி விழும் விபத்தும், குளிரும் குறையும். அந்தக் கழிவுநீரைக் காய்கறிப் பாத்திக்கும் விடலாம்.

வெளிச்சத்துக்கு மலிவான வழி கூரையில் இருக்கிறது. ஒரு தகரத் தகட்டுக்குப் பதில் ஒளி புகும் பைபர் தகடு ஒன்றைப் போட்டால் பகலில் மின்குமிழ் தேவையில்லை. புகையில் கறுத்த சுவரை ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளையடித்தால், குறைந்தபட்சம் வேலை மேசையின் பின்சுவரையாவது அடித்தால், இருக்கும் வெளிச்சம் இரட்டிப்பாகத் தெரியும்.

ஒரே எரிபொருளை நம்பாத அடுப்படி

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் எரிவாயு அடுப்புகள் வெடித்தன. அடுத்த ஆண்டு எரிவாயுவே கிடைக்கவில்லை. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றின் விலை 4,860 ரூபாய்க்கு ஏறியது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபாய். ஏறக்குறைய ஐந்து நாள் உழைப்பு ஒரு சிலிண்டருக்குப் போயிற்று. கொழும்பின் மாடி வீடுகளில் விறகு மூட்ட இடமின்றித் திண்டாடிய அந்த மாதங்களில், விறகு அடுப்பைக் கைவிடாத வீடுகளில் உலை கொதித்தது. அதிலிருந்து கற்க வேண்டியது தெளிவு. நம் சமையலறை இரண்டு எரிபொருளுக்கு இடம் கொடுக்க வேண்டும். புகைபோக்கியோடு ஒரு விறகடுப்பு, அவசரத்துக்கு ஒரு சிறிய எரிவாயு அடுப்பு அல்லது மின்சாரக் கேத்தல்.

இடம் குறைந்த வீட்டுக்கு 5 கிலோ சிலிண்டரே போதும். அதை விறகடுப்பின் எதிர்ப்பக்கச் சுவரோரம், நிமிர்த்தி வைக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து தீயைத் தேடிப்போகும். அதனால் தரை மட்டத்தில் ஒரு காற்றுத்துளை கட்டாயம். லயத்தின் கூரை வரிசை முழுவதும் ஒன்றாக ஓடுவதால் ஒரு வீட்டில் பிடிக்கும் தீ அடுத்தடுத்த வீடுகளுக்குத் தாவுகிறது. வரிசையே எரிந்து குடும்பங்கள் பாடசாலையில் தஞ்சமடைந்த செய்திகள் மலையகத்துக்குப் பழகிப்போனவை. பழைய மின்கம்பியில் ஹீட்டரும் கேத்தலும் ஒன்றாக ஓடக் கூடாது. ஒவ்வொரு குசினி வாசலிலும் ஒரு வாளி மணல் இருக்க வேண்டும்.

விறகோ எரிவாயுவோ, இரண்டையும் மிச்சப்படுத்தும் ஓர் உத்தி உண்டு. பிராங்க்பர்ட் சமையலறையில் இருந்த அந்தச் சூட்டுப் பெட்டியைப் போன்ற ஒன்றைக் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் ‘சூடாறாப்பெட்டி’ என்ற பெயரில் பரப்பியது. அரிசி நன்றாகக் கொதித்துச் சில நிமிடம் ஆனதும் பானையை மூடியோடு இறக்கி, வைக்கோலோ பழைய துணியோ ரெஜிபோமோ திணித்த பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், மீதி வேக்காடு தானாக முடியும். விடியற்காலை நாலரைக்கு உலை வைத்தவர் ஐந்துக்குள் அடுப்பைக் கறிக்கு விட்டுவிடலாம். மலைக்குப் புறப்படும்வரை சோறு சூடாக இருக்கும். ஒரு மரப்பெட்டியும் பழைய போர்வையும் இருந்தால் செலவில்லை. மூடிய பெட்டியின் மேல் உட்காரவும் செய்யலாம்.

புதிய வீடுகள் பழைய பிழையைச் செய்யாதிருக்க

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அதன்பின் தனி வீட்டுக் கோரிக்கை வலுத்து, குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. இந்திய உதவியில் மலையகத்துக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட் வந்த பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். புதிய கிராமங்களுக்கென 2018ல் ஓர் அதிகார சபையும் சட்டத்தால் உருவானது. 550 சதுர அடியில், சொந்தக் காணியில், தனிக் குசினியோடு எழும் இந்த வீடுகள் மலையக மக்களின் இருநூறு ஆண்டு வாழ்வில் பெரிய திருப்பம்.

அதனால்தான் இந்த வீடுகளின் வரைபடங்களைக் கவனத்தோடு பார்க்க வேண்டும். இலங்கை முழுவதும் புதிய வீட்டுக்குள் எரிவாயுவுக்கு ஒரு குசினியும், பின்புறம் தகரம் சாய்த்து விறகுக்கு இன்னொரு குசினியும் இருப்பது வழக்கமாகிவிட்டது. நல்ல வருமானம் உள்ளவருக்கு அது வசதி. தோட்டத் தொழிலாளிக்கு, உள்ளே இருக்கும் குசினி சாமான் அறை ஆகி, வெளியே புகை நிறைந்த பழைய பத்தியே திரும்பவும் முளைக்கிறது என்று பொருள். வரைபடத்திலேயே விறகடுப்புக்கும் புகைபோக்கிக்கும் இடம் ஒதுக்கினால் அந்த இரண்டாம் கட்டடம் தேவைப்படாது.

அதற்கு மேல் கேட்க வேண்டியவை அதிகமில்லை. குசினியிலிருந்து வெளியே நேராகப் போகும் ஒரு கதவு. வேலை மேசைக்கு நேர் எதிரே ஒரு யன்னல். அடுப்புக்கும் மேசைக்கும் வேறுவேறு உயரம். இருவர் முட்டிக்கொள்ளாமல் திரும்ப நாலடி இடைவெளி. பேசினிலிருந்து கானுக்குக் குழாய். குளிர் காய்ந்து பிள்ளைகள் படிக்க அடுப்பின் பக்கத்தில் ஒரு திண்ணை. இவற்றில் எதற்கும் கூடுதல் சதுர அடி தேவையில்லை. அடித்தளம் போடுமுன் பென்சிலால் செய்யவேண்டிய வேலைதான்.

லயத்தில் இன்னும் வாழ்பவர்கள் தனி வீடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அனகி அடுப்பு, ஒன்றரை அடித் திட்டு, சாயும் சட்டகம், மடக்குப் பலகை, சூட்டுப் பெட்டி ஆகிய ஐந்தும் குடும்பத்தின் கையிலேயே இருக்கின்றன. புகைபோக்கி, ஒளித்தகடு, கான் இணைப்பு, பாதுகாப்பான மின்கம்பி ஆகிய நான்கையும் தோட்ட நிர்வாகம் செய்து தர வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத்தைப் பேசும் மேசையில் இந்த நான்கையும் வைக்க வேண்டும். புதிய வீட்டுத் திட்டங்களின் பொறியியலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வரைபடத்தை இறுதி செய்யுமுன் அதை அந்த வீட்டில் சமைக்கப்போகும் பெண்கள் முன்னால் விரித்து, அடுப்பு எங்கே வேண்டும், எவ்வளவு உயரம் வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். அவர்கள் சொல்லும் அளவில் கட்டுங்கள்.